ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுளா?

குறிஞ்சிப்பாடி வாசகர் எழுதியது:
"ஈசல் என்ற பேர் எப்படி வந்தது தெரியுமா? பிறந்த அன்றே ஈசனடி சேர்ந்துவிடுவதால் ஈசல். நம் முன்னோர் ஒரு பூச்சிக்குப் பேர் வைப்பதில்கூட வாழ்க்கை நிலையாமையை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இன்று காலை வாட்ஸப்பில் வந்தது. உண்மையா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்."

அக்டோபர் 17, இரவு 9.50

உண்மை இல்லை. ஈசன் வடமொழிச் சொல், ஆள்பவன் என்று பொருள். அதற்கும் புற்றிலிருந்து கிளம்புகிற பூச்சிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஈசலுக்குப் பழைய வடிவம் ஈயல். சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. புறநானூறு 119-இல் கபிலர், பாரி செத்த பிறகு அவன் நாட்டை நினைத்துப் பாடும்போது "செம்புற்று ஈயலின் இன்அளைப் புளித்து" என்கிறார். செம்மண் புற்றில் பிடித்த ஈசலை மோர் விட்டுப் புளிக்கவைத்த குழம்பு. கார்மழை பெய்த காலையில் பாரியின் ஊரில் அதுதான் விருந்து.

ஈயல் எப்படி ஈசல் ஆனது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் வாயில் யகரம் சகரமாவது தினமும் நடக்கிறது. உயிர் உசுரு. அயலூர் அசலூர். முயல் மொசல். மலையாளத்துக்காரர்கள் இன்னும் பழையபடி ஈயல் என்றும் ஈயாம்பாற்ற என்றும் சொல்கிறார்கள். அவர்கள் நாக்கில் ச ஏறவில்லை, அதனால் ஈசனும் உள்ளே நுழைய முடியவில்லை.

அக்டோபர் 17, இரவு 10.20

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. நற்றிணை 59-இல் ஒரு வேட்டுவன் வருகிறான். உடும்பைக் குத்துகிறான், தவளையைத் தோண்டுகிறான், புற்றை வெட்டி ஈயல் எடுக்கிறான், பகலில் முயல் அடிக்கிறான். அதே ஆளை இன்றைக்குத் திருவதிகை பக்கம் நிறுத்தி என்னய்யா கிடைச்சுது என்று கேட்டால் ஈசலும் மொசலும் என்பான். ஒரே பையில் இருந்த இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கின்றன.

அக்டோபர் 18, காலை 7.10

ராத்திரி பதில் போட்டவருக்கு: "ஈசனை விடுங்க, ஒரு நாள் ஆயுசு என்பது உண்மைதானே, காலையில் திண்ணை முழுக்க செத்துக் கிடக்குதே" என்கிறீர்கள். திண்ணையில் கிடப்பது பெரும்பாலும் இறகு. கூட்டிப் பாருங்கள், உடம்பு கொஞ்சமாகத்தான் இருக்கும்.

ஈசல் தனிப் பூச்சி கிடையாது. கறையான் குடும்பத்தில் கல்யாண வயதுக்கு வந்த ஆணும் பெண்ணும்தான் ஈசல். மழை விழுந்து மண் இளகியதும் வேலைக்காரக் கறையான்கள் புற்றில் வாசல் திறந்துவிடுகின்றன. அந்தி நேரத்தில் ஒரே சமயத்தில் பல புற்றுகளிலிருந்தும் கிளம்பும். கொஞ்ச தூரம் பறந்து தரையில் இறங்கியதும் இறகை உதிர்த்துவிடும். பிய்ந்து விழுவது இல்லை. இறகின் அடியிலேயே உடைவதற்கென்று ஒரு கோடு இருக்கிறது, அதில் ஒடியும். பிறகு பெண் முன்னால் போகும், ஆண் ஒட்டிக்கொண்டே பின்னால் ஓடும். நம் வீட்டுச் சுவரோரம் அந்த ஊர்வலத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இரண்டும் மண்ணைத் தோண்டி உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளும்.

அப்படி உள்ளே போனவை ராஜாவும் ராணியும். பறக்க உதவிய தசையைத் தாங்களே கரைத்து அதில் முதல் குஞ்சுகளை வளர்க்கும். ராணிக்கு வயிறு விரல் தடிமனுக்கு ஊதிப்போகும், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை. இப்படிப் பத்து வருஷம், சில வகைகளில் இருபது வருஷம்கூட ஓடும். பூச்சி உலகத்தில் இதைவிட நீண்ட ஆயுளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அற்பாயுசுக்கு உதாரணமாக நாம் பிடித்து வைத்திருப்பது இதை.

பெரும்பாலானவை அன்றே போய்விடும் என்பது சரி. பல்லி, தவளை, காக்கை, எறும்பு, அப்புறம் நாம். ஆனால் அது சாகடிக்கப்பட்ட கணக்கு. ஆயுள் கணக்கு வேறு.

அக்டோபர் 18, பகல் 1.30

"புற்றீசல் போல" பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "புற்றீசல் போலப் பெருகிவிட்ட பயிற்சி மையங்கள்" என்று பத்திரிகைக்காரர்கள் எழுதும்போது சீக்கிரம் செத்துப்போகும் என்று அவர்கள் நினைப்பதில்லை. எங்கிருந்து இத்தனை என்ற மலைப்புதான் அதில் இருக்கிறது. வெறும் ஈசல் என்றால் குறைந்த ஆயுள், புற்றீசல் என்றால் திடீர்க் கூட்டம். ஒரே பூச்சிக்கு இரண்டு வேலை. கிளம்பும் இடத்தில் நின்று பார்த்தவன் ஒன்று சொன்னான், விளக்கடியில் நின்று பார்த்தவன் இன்னொன்று சொன்னான்.

அக்டோபர் 18, மாலை

வறுக்கும் பக்குவம் கேட்டு மூன்று பேர். இந்த இழை எங்கே போகிறது என்று புரிகிறது. எங்கள் ஆயா செய்தது: விளக்கடியில் தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துப் பிடித்ததை வெறும் சட்டியில் புரட்டி, ஆறியதும் முறத்தில் போட்டுப் புடைத்தால் இறகு பறந்துவிடும். அரிசியைப் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து மறுபடி ஒரு புரட்டு. எங்கள் பக்கத்து இருளர் வீடுகளில் இதைவிடக் கைதேர்ந்தவர்கள் உண்டு. புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, விளக்கு வைத்து, மேலே துணி மூடி மொத்தத்தையும் குழிக்குள் இறக்கிவிடுவார்கள். இறால் தின்றால் உடம்பு தடிக்கிறவர்கள் ஈசலையும் தொடவேண்டாம். இரண்டுக்கும் ஒவ்வாமை ஒரே வழியில் வரும்.

அக்டோபர் 20, இரவு 8.40

புதுச்சேரி முத்தியால்பேட்டை ஐயா (சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர் வீட்டு மாப்பிள்ளை, மாமனாருக்குப் பிரெஞ்சுப் பென்ஷன்) ஒரு சொல்லை வீசியிருக்கிறார்: எஃபெமேர். "பிரெஞ்சில் இது பூச்சிக்கும் பேர், குறைந்த ஆயுள் உள்ள எதற்கும் பேர். ஈசலுக்குச் சரியான ஜோடி. தமிழில் இப்படி ஒரே சொல் இல்லையே, ஏன்?"

முதலில் அந்தச் சொல்லின் பிறப்பு. கிரேக்கத்தில் எபி என்றால் மேல், ஹெமேரா என்றால் பகல், நாள். சேர்த்தால் எஃபெமெரோஸ், ஒரு நாளுக்குரியது. அரிஸ்டாட்டில் உயிரினங்களைப் பற்றி எழுதும்போது கருங்கடல் பக்கத்து ஹிப்பானிஸ் ஆற்றைச் சொல்கிறார். கோடையில் பகல் மிக நீண்டிருக்கும் சமயத்தில் ஆற்றில் சின்னச் சின்னப் பைகள் மிதந்து வரும், அவை வெடித்து இறகுள்ள பூச்சி கிளம்பும், சாயங்காலம் வரை பறக்கும், பொழுது சாயும்போது செத்துவிடும், அதனால் எஃபெமெரோன் என்று பேர் என்கிறார். பூச்சியியலில் இன்றும் அந்த வரிசைக்கு எஃபெமெராப்டெரா என்றே பேர், ஆங்கிலத்தில் மேஃப்ளை. நம்மூரில் வந்தால் வெளக்குப் பூச்சி என்ற பொதுப் பேரில் அடித்துப் போட்டுவிடுவோம்.

அக்டோபர் 21, காலை

ஐயா சொன்ன ஜோடியைப் பற்றி ராத்திரி முழுக்க யோசித்தேன். பூச்சியாகப் பார்த்தால் ஜோடி சேராது. மேஃப்ளைக்கு இறகு வந்த பிறகு சாப்பிடும் வாயே கிடையாது, இருக்கும் வாயும் வேலை செய்யாது. சில மணி நேரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள். அமெரிக்காவில் ஒரு வகையில் பெண் பூச்சி இறகோடு இருப்பது ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. ஈசல் மாதிரி உள்ளே போய்க் குடும்பம் நடத்தும் வழி அதற்கு இல்லை.

ஆனால் தப்பு ஒரே மாதிரி. மேஃப்ளை அதற்கு முன்னால் மாதக்கணக்கில், சில வகைகள் இரண்டு வருஷம்வரை, தண்ணீருக்கடியில் கல்லைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. தின்கிறது, தோலுரிக்கிறது, வளர்கிறது. கரையில் இருந்தவர்கள் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே முன்பாதியை விட்டார்கள், இங்கே நாம் பின்பாதியை விட்டோம். இரண்டு ஊரிலும் பார்த்தவன் முன்னால் அது இருந்த நேரத்தைத்தான் ஆயுள் என்று எழுதிவிட்டார்கள்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது இதுதான். பூச்சியின் வயதைவிட, பார்த்தவன் எவ்வளவு நேரம் விளக்கடியில் நின்றான் என்பதை அது சரியாகச் சொல்கிறது.

அக்டோபர் 21, மாலை

இல்லை, "தத்துவம் பேசுகிறேன்" என்று கிண்டல் வேண்டாம். தத்துவத்துக்குத் தமிழில் ஆள் இருக்கிறார்கள். நாலடியார் தொடக்கமே செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை. அதில் மழைத்தண்ணீரில் எழும் மொக்குள், அதாவது குமிழி வருகிறது, புல்நுனி நீர் வருகிறது. திருக்குறளில் கூத்து முடிந்து கலையும் கூட்டம் வருகிறது, கூட்டை விட்டுப் பறக்கும் பறவை வருகிறது. இந்த நான்கிலும் ஈசல் இல்லை பாருங்கள். சங்கப் புலவருக்கு ஈசல் சாப்பாடு.

அக்டோபர் 24, இரவு 9.15

சொல் பூச்சியோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் வைத்தியர்கள் ஒரு நாள் இருந்துவிட்டு இறங்கும் காய்ச்சலுக்கு எஃபெமெரா என்று பேர் வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் முதலில் நுழைந்ததே காய்ச்சலாகத்தான், பூச்சி பின்னால் வந்தது. மாடு வளர்ப்பவர்களுக்கு இது இன்றும் தெரிந்த பேர். கால்நடை டாக்டர் சீட்டில் எபிமெரல் ஃபீவர் என்று எழுதுவது, நாம் மூன்று நாள் காய்ச்சல் என்பது. கொசு மாதிரிப் பூச்சிகள் பரப்பும் வைரஸ். நேற்றுவரை நன்றாக இருந்த மாடு திடீரென்று காலை நொண்டும், படுத்துவிடும், பால் வற்றும். பெரும்பாலும் மூன்றாம் நாள் எழுந்து நிற்கும்.

கவனியுங்கள், டாக்டர் சீட்டில் "ஒரு நாள்", நம் வாயில் "மூன்று நாள்", இரண்டும் ஒரே காய்ச்சல். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சரியாக எண்ணியிருக்கிறான்.

அதே கிரேக்கச் சொல் ஒரு விஷச் செடிக்கும் பேர். கால்ச்சிகம் என்ற கிழங்குச் செடியை எஃபெமெரோன் என்றார்கள், தின்றவனை ஒரே நாளில் முடித்துவிடும் என்ற நம்பிக்கையில். அதன் விஷத்துக்கு கால்ச்சிசின். அதே விஷம் நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது, இரண்டு செடியும் ஒரே குடும்பம். கண்வலிக்கிழங்கு என்று வயலில் போடுகிறோமே, அது. மூட்டு வீக்கத்துக்கு அளந்து கொடுக்கும் மருந்தும் அதிலிருந்துதான். அளவு தெரியாமல் யாரும் கை வைக்க வேண்டாம்.

அக்டோபர் 25

"அப்போ மாடு, விஷம், பூச்சி மூணும் ஒரே சொந்தம்னு சொல்றீங்களா சார்?" ஆமாம். தீபாவளிக்கு ஒரே வீட்டில் கூடுவார்கள்.

அக்டோபர் 29, காலை 6.30

முத்தியால்பேட்டை ஐயா மறுபடியும். பிரெஞ்சில் எஃபெமெரீத் என்றால் தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் என்கிறார். உண்மை. நம் தேதிக் காலண்டர்! சிவகாசியிலிருந்து வந்து கடைக்காரர் கொடுத்து, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குவதற்கு இவ்வளவு நாகரிகமான பேர் இருக்கும் என்று நினைக்கவில்லை.

எஃபெமெரிஸ் என்றால் கிரேக்கத்தில் நாட்குறிப்பு. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கு எழுதுவது. புதுச்சேரிக்காரர்களுக்கு நாட்குறிப்பு என்றால் யார் நினைவு வரும்? ரங்கப்பிள்ளை வீதியில் வீடு இன்னும் நிற்கிறதே, அவர். ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736 செப்டம்பர் 6 தொடங்கி 1761 ஜனவரிவரை எழுதினார். கப்பல் வந்தது, குண்டு விழுந்தது, ஜவுளி விலை, யார் யாரிடம் எதைக் கோள் சொன்னார்கள், துய்ப்ளே மனைவியின் அட்டகாசம், எல்லாம் பேச்சுத் தமிழில். அவர் 1761 ஜனவரி 12-இல் இறந்தார், நான்கு நாளில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, கோட்டையை இடித்துப்போட்டார்கள். 1846-இல் கல்லுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த ஏடுகளைக் கண்டு படி எடுக்க வைத்தார். 1904-இலிருந்து 1928-க்குள் ஆங்கிலத்தில் 12 தொகுதி.

அன்றன்றைய செய்தி என்று எழுதியது கோட்டையைவிட நீடித்துவிட்டது. அந்த மனுஷன் வரவு செலவும் வம்பும் எழுதினார், அவ்வளவுதான். இன்று துய்ப்ளே காலத்தைப் பற்றி யார் எழுதினாலும் அவரைத் தொடாமல் எழுத முடியாது.

அக்டோபர் 29, இரவு

ஜோசியம் பார்க்கும் நண்பர் கேட்கிறார்: "எங்க லகிரி எபிமெரிஸ் அதுவா?" அதுவேதான். கிரகம் எந்த நாளில் எந்தப் பாகையில் என்று நாள்வாரியாகப் போட்ட அட்டவணை. நாள்வாரி என்பதால் எபிமெரிஸ். பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1952-இல் மேக்நாத் சாஹா தலைமையில் அமைந்தது, அதன் செயலாளர் லகிரி. ஒரு நாள் பூச்சிக்கும் முப்பது வருஷம் சுற்றும் சனிக்கும் ஒரே சொல்தான். சனிப் பெயர்ச்சிக்குப் பரிகாரம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம், கட்சிக்காரருக்குக் கொஞ்சம் தெம்பு வரும்.

நவம்பர் 3, இரவு 10

மழை. கரண்ட் வந்துவந்து போகிறது. ஈசல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் முதல் மழைக்கே போய்விட்டது போல.

நவம்பர் 6, பகல்

வண்டிப்பாளையத்திலிருந்து ஒருவர் தனிச் செய்தியில் எழுதியதைப் பொதுவில் வைக்கிறேன், அவர் சம்மதத்தோடு. அப்பா காலத்து டிரங்குப் பெட்டி நிறைய பழைய நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பஸ் டிக்கெட், தீப்பெட்டிப் படம், கல்யாணப் பத்திரிகை. ஆங்கிலத்தில் எஃபெமெரா கலெக்ஷன் என்கிறார்கள், தமிழில் என்ன சொல்ல?

இது என் தொழில். கடலூரில் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன் நான், பிறகு புரூஃப். அங்கே இதற்கெல்லாம் சேர்த்து "ஜாப்" என்போம். புத்தக வேலை தனி, ஜாப் வேலை தனி. ஜாபில் ராஜா பிட் நோட்டீஸ். ரோஸ், மஞ்சள், பச்சைத் தாளில் டெமி அளவில் எட்டில் ஒரு பங்கு, ஒரு பக்கம் மட்டும். காலையில் கோத்து மதியம் ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் ஓட்டி, மை காயும் முன்னால் கட்டி அனுப்புவோம். சாயங்காலம் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, மேளத்தோடு, திருப்பாதிரிப்புலியூர் தெருவெல்லாம் இறைத்துக்கொண்டு போவார்கள். பின்னால் பிள்ளைகள் ஓடும். மறுநாள் அது வேர்க்கடலைப் பொட்டலம்.

லண்டனில் மாரிஸ் ரிக்கார்ட்ஸ் என்பவர் இதற்காகவே 1975-இல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அன்றாட வாழ்வின் சின்னச் சின்ன, நிலைக்காத தாள்கள் என்ற மாதிரி வரையறை கொடுத்தார். நம் பக்கத்தில் அதற்கு முன்பே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துக்கொண்டிருந்தார், சங்கம் எதுவும் இல்லாமல். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதையும் விடவில்லை. அவருக்குப் பிறகு அதுதான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

நவம்பர் 6, இரவு 11

வண்டிப்பாளையத்துக்காரர் பெட்டிப் பட்டியலைப் பார்த்தேன். ஒன்று உறுத்துகிறது. கல்யாணப் பத்திரிகை இருக்கிறது, புதுமனை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் இருக்கிறது. கருமாதிப் பத்திரிகை ஒன்றுகூட இல்லை. நான் அச்சகத்தில் இருந்த காலத்தில் கல்யாணத்துக்குச் சமமாகக் கருமாதி வேலை வரும். கறுப்புக் கரை கட்டி, பெரும்பாலும் அவசர வேலை.

ஏன் இல்லை என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குள் வைக்கமாட்டோம். வாங்கிப் படித்து வெளியிலேயே கூரை ஓலையில் செருகிவிடுவோம், இல்லையென்றால் கிழித்துவிடுவோம். அதனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அந்தக் காலத்து ஊரில் எல்லோரும் கல்யாணம் மட்டும் செய்துகொண்டிருந்த மாதிரி இருக்கிறது. யாரும் சாகவே இல்லை.

நவம்பர் 7

ஒரு தங்கை எழுதியது, வெட்டாமல்: "எங்க வீட்ல அம்மாவோட கருமாதி பத்திரிக்க ஒண்ணு பீரோவுல இருக்கு அண்ணா. பெரியம்மா பாத்தா திட்டுவாங்கன்னு புடவைக்கு அடியில வச்சிருக்கேன்." நான் ஒன்றும் பதில் எழுதவில்லை. இங்கும் எழுதவில்லை.

நவம்பர் 11, காலை

சொல்லுக்கு வருவோம். "நாள்" போட்டு ஒரு சொல் உண்டாக்கலாமே என்று இருவர் சொல்லியிருக்கிறார்கள். நாள்தாள், நாள்பொருள், நாளுயிரி. ஒரு சிக்கல் இருக்கிறது. பழந்தமிழில் நாள் முன்னால் வந்தால் அற்பம் என்று அர்த்தம் ஆவதில்லை. புதுசு என்று ஆகும். நாண்மலர் என்றால் அன்று காலை மலர்ந்த பூ. நாள்மோர் என்றால் அன்று கடைந்த மோர், பெரும்பாணாற்றுப்படையில் இடைச்சி தலையில் வைத்து விற்கிறாள். நாளிரை காலையில் தேடும் இரை. கிரேக்கன் ஒரு நாள் என்றதும் சாயங்காலத்தைப் பார்த்தான், இவர்கள் விடியலைப் பார்த்தார்கள்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் கூவுகிற அம்மாவிடம் "இது ஒரு நாள் மீனா" என்று கேட்டுப் பாருங்கள். நேற்றையதா என்று கேட்கிறீர்கள் என நினைத்துக் கூடையாலேயே அடிப்பார்.

நவம்பர் 11, பிற்பகல்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம், எனக்கு நானே. எஃபெமெரோஸுக்கு நெருங்கிய தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது, ஆனால் பூச்சிக்கு இல்லை, ஆளுக்கு. அன்றாடங்காய்ச்சி. அன்றன்றைக்குச் சம்பாதித்து அன்றன்றைக்கு உலை வைப்பவன். பிண்டார் என்ற கிரேக்கப் புலவர் மனிதர்களையே "ஒரு நாளின் உயிர்களே" என்று கூப்பிடுகிறார், அங்கே வரும் சொல் இதே சொல்தான். தேவர்கள் நிலையானவர்கள், மனுஷன் இன்றைக்கு மட்டும். நம் சொல்லில் தேவர்கள் இல்லை, அடுப்பு இருக்கிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30 விடிகாலையில் நம் கரையில் ஏறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் படுக்கவைத்ததே, அன்றைக்கு அந்தத் தோப்புகளில் கூலிக்குப் போனவர்களுக்குத்தான் இந்தச் சொல்லின் முழு அர்த்தம் தெரியும். முந்திரி நட்டால் மறுபடி காய்க்க வருஷங்கள். உலை மறுநாளே கொதிக்க வேண்டும்.

நவம்பர் 12

"ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதை" என்பதை யாரும் ஏன் சொல்லவில்லை? கூத்தில் பெண்வேஷம் கட்ட மீசையை எடுக்க வேண்டும். கூத்து ஒரு ராத்திரி, மீசை வளர மாதம். குறைந்த ஆயுள் உள்ளது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கும், அதை நீண்ட ஆயுள் உள்ளதுதான் கட்டும் என்று இந்தப் பழமொழி கணக்குப் போட்டுவிடுகிறது. ஃப்ளெக்ஸ் பேனருக்கும் இது பொருந்தும். பிறந்தநாள் ஒரு நாள், பிளாஸ்டிக் நம் பேரன் காலம்வரை.

நவம்பர் 12, இரவு

பெண்வேஷம் கட்டுபவர் ஒருவரைத் தெரியும் என்று ஒருவர் சொல்கிறார்: அவர் மீசையே வைப்பதில்லையாம், சீசன் முழுக்க ஆட்டம் இருப்பதால். அப்படியென்றால் பழமொழி தொழில்காரரைப் பற்றியது இல்லை, ஆசைக்கு ஒரு தரம் மேடையேறியவனைப் பற்றியது. இது எனக்குத் தோன்றாத கோணம்.

நவம்பர் 16, இரவு 9.30

குறுவாழ்வி, கணநேரி, நொடிப்பொருள் என்று புதுச்சொல் பட்டியல் நீள்கிறது. முத்தியால்பேட்டை ஐயா எஃபெமேரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். பூச்சிக்கு ஈசலும், ஆளுக்கு அன்றாடங்காய்ச்சியும், காய்ச்சலுக்கு மூன்று நாளும், தாளுக்குப் பிட் நோட்டீஸும் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே கொக்கியில் மாட்ட வேண்டிய அவசியம் யாருக்கு? நூலகத்துக்காரர்களுக்கு ஒரு அலமாரித் தலைப்பு வேண்டும். அவர்களுக்குச் "சில்லறை அச்சு" என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அச்சகத்துக்காரனுக்குப் பார்த்ததும் புரியும்.

நவம்பர் 17, காலை

வண்டிப்பாளையத்துக்காரர் கேட்ட உருப்படியான கேள்வி: நோட்டீஸில் "வருகிற வெள்ளிக்கிழமை" என்றிருக்கிறது, வருஷம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நோட்டீஸ் அடிக்கும்போது வருஷம் போடுவது எழுத்துக்கூலிக்கு வீண், யாரும் போடமாட்டார்கள். வேறு இடத்தில் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன். ந.பை. என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில், நயா என்பதை அதன் பிறகு எடுத்துவிட்டார்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. துதிக்கை தூக்கிய பழைய லை, ணை, னை இருந்தால் பெரும்பாலும் 1978-க்கு முன், அந்த வருஷம்தான் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ஆனால் ஏமாறாதீர்கள், ஆணை வந்ததும் ஈய எழுத்தை யாரும் தூக்கிக் கொட்டவில்லை. எங்கள் அச்சகத்தில் பழைய கேஸில் இருந்த எழுத்து தேயும்வரை ஓடியது. தென்னாற்காடு மாவட்டம் என்றிருந்தால் 1993-க்கு முன். தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்றிருந்தால் அதற்குப் பிந்திய சில வருஷங்களுக்குள், பிறகு கடலூர் மாவட்டமே பேராயிற்று.

கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழ் வருஷம் இருக்கும், ஆனால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். குரோதி என்றிருந்தால் 1964-உம் ஆகலாம், 2024-உம் ஆகலாம். தேதியையும் கிழமையையும் சேர்த்துப் பஞ்சாங்கத்தில் ஒத்துப்பாருங்கள், பெரும்பாலும் ஒன்றுதான் பொருந்தும்.

கண்டுபிடித்ததைப் பின்பக்கம் பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். குண்டூசியும் ஸ்டேப்ளரும் இருந்தால் முதலில் கழற்றுங்கள், கடல்காற்றுக்குத் துரு தாளைத் தின்றுவிடும். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வைத்து, மாதம் ஒருமுறை அடியில் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.